நானே கேட்டு வாங்கும் வலி

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. கழுத்து, தோள், இடுப்பு, முட்டியின் உட்பக்கம் என்று சுற்றிச் சுற்றி வலிக்கும் நோய். ரத்தப் பரிசோதனையில் தெரியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. 1990-இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் வகுத்த முறைப்படி உடம்பில் குறிப்பிட்ட 18 இடங்களை டாக்டர் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். குறைந்தது 11 இடத்தில் வலித்தால் இந்த நோய் என்பார்கள். 2010-இல் அந்த அழுத்தலை எடுத்துவிட்டு, எங்கெங்கே வலி, தூக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு என்று கேள்விகளை வைத்தார்கள். என்னை அழுத்தியும் பார்த்தார்கள், கேள்வியும் கேட்டார்கள். இரண்டிலும் பாஸ்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு வலி பிடிக்கும். நானே கேட்டு, என் கணவன் கையால், நான் நிறுத்தச் சொன்ன நொடியில் நின்றுவிடும் வலி. மாசோகிசம் என்று இதற்குப் பெயர் இருப்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். நோய் வந்தது பிறகு. அதனால் "வலியோடவே இருந்து பழகிடுச்சு, அதான் இப்படி ஆயிட்டே" என்று யாராவது காரணம் கண்டுபிடித்தால் அது என் விஷயத்தில் ஒட்டாது.

நோய் வந்த பிறகு இதை விட்டுவிடுவதுதான் முறை என்று நாங்கள் இருவருமே நினைத்தோம், கொஞ்ச காலம் விட்டும் பார்த்தோம். அப்புறம் திரும்ப ஆரம்பித்தோம், பல விதிகளை மாற்றிக்கொண்டு. அந்த விதிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல இரண்டும் உள்ளவர்கள் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. இது வயது வந்தவர்களுக்கான பேச்சு, முழு மனதோடு சம்மதித்த இருவருக்கான பேச்சு. அது இரண்டும் இல்லாத இடத்தில் இதில் ஒரு வரிகூடப் பொருந்தாது.

முதலில், எல்லோரும் கேட்கும் கேள்வி. ஏற்கனவே வலிக்கிறதே, இது வேறு எதற்கு?

நோயின் வலிக்கு நேரம் காலம் கிடையாது. காலையில் பால் பாக்கெட்டை வெட்டும்போது மணிக்கட்டில் வரும், மத்தியானம் முதுகுக்குப் போகும், ராத்திரி திரும்பிப் படுக்கவிடாது. ஏன் வந்தது என்று கேட்க ஆள் இல்லை, போதும் என்று கெஞ்சவும் ஆள் இல்லை. நான் கேட்டு வாங்கும் வலிக்கு ஆரம்பம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, எதிரே என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒருவன் இருக்கிறான். எனக்கு இதில் கிடைக்கும் சுகத்தில் பாதிக்கு மேல் அந்த 'நிற்கும்' என்ற உறுதியில்தான் இருக்கிறது.

உடம்பும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. ஓர் இடத்தில் பலமாக ஒரு வலி வந்தால், வேறு இடத்தில் ஏற்கனவே இருக்கும் வலியை அது கொஞ்ச நேரம் அமுக்கும். மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் பார்க்கும் வேலை இது. உடம்பே சுரக்கும் வலி நிவாரணியான எண்டார்பினும் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களைச் சோதித்த பல ஆய்வுகளில் இந்த அமுக்கும் சக்தி மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. அதனால் இதை மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்த நேரத்திலும் அதற்குப் பிறகு சில மணி நேரமும் தோள் லேசாக இருக்கும். கணக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ வரும். சில சமயம் வட்டியோடு வரும்.

2019-இல் மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. அலகு குத்திக் காவடி எடுத்தவர்களை முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். நாள்பட்ட நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அலகு குத்திக்கொண்டார்கள், பிறகு அவர்கள் உடம்புக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை, மனநிலை முன்பைவிடத் தேறியிருந்தது என்பது முடிவு. முருகனுக்கு எடுக்கும் காவடியையும் என் படுக்கையறையையும் நான் ஒன்று என்று சொல்லவில்லை, அடிக்க வர வேண்டாம். உடம்பு சரியில்லாத ஒருவர் தானே ஒரு வலியைத் தேடிப் போவது நம் ஊருக்குப் புதிதல்ல என்பதற்காகத்தான் சொன்னேன்.

அமெரிக்காவில் பாப் ஃபிளனகன் என்று ஒரு கலைஞர் இருந்தார். பிறவியிலிருந்தே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் சளி கட்டி மூச்சை அடைக்கும் நோய். சிறுவயது முழுக்க ஆஸ்பத்திரி. அவர் தன் நோயையும் மாசோகிசத்தையும் ஒன்றாகவே கலையில் வைத்தார். அருங்காட்சியகத்துக்குள் ஆஸ்பத்திரி கட்டில் போட்டு அதில் தானே படுத்துக்கொண்டு வருகிறவர்களோடு பேசினார். 1996-இல், 43 வயதில், அந்த நோயால்தான் இறந்தார். அவர் செய்தவற்றில் பலவற்றை என்னால் பார்க்கக்கூட முடியாது. ஆனால் இரண்டும் ஓர் உடம்பில் இருக்கலாம், அதை வெளியே சொல்லலாம் என்று எனக்கு முதலில் தெரிந்தது அவரால்தான்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கடினமாக இருந்தது என் உடம்பைவிட அவன் மனசு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எனக்குக் கால் பிடித்துவிடுகிறவன் அவன். "உனக்கு இருக்குற வலி போதாதா, நான் வேற தரணுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் சமாதானம் சொல்லவில்லை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம், ஆனால் எனக்காகப் பாவப்பட்டு வேண்டாம் என்று சொல்லாதே என்றேன். என் உடம்பைப் பற்றிய முடிவை எல்லோரும் எனக்காக எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அவனும் அந்த வரிசையில் சேர்ந்தால் எனக்கு ஒதுங்க இடமில்லை. இன்றுவரை நிறுத்தும் சொல் அவனுக்கும் உண்டு. அவனுக்குப் பயமாக இருந்தாலோ அலுப்பாக இருந்தாலோ சொல்லலாம். சொல்லியிருக்கிறான். நான் முகம் சுளிப்பதில்லை. அடிவாங்குகிறவருக்கு மட்டும்தான் நிறுத்த உரிமை என்று நினைக்கும் ஜோடிகளில் அடிக்கிறவர் சத்தமில்லாமல் வெறுத்துப்போய்விடுவார்.

சேஃப்வேர்ட், அதாவது இந்த நிறுத்தும் சொல், பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அது வேறு மாதிரி ஆனது. தமிழில் வலி வந்தால் தானாக வாயில் வருவது 'ஐயோ', 'அம்மா', 'போதும்', 'விடு'. இது நாலும் ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிடும், அதனால் அதற்கு அர்த்தம் வைக்க முடியாது. பலர் வைப்பது போல மஞ்சள் என்றால் குறை, சிவப்பு என்றால் நிறுத்து என்று வைத்தோம். ஆனால் நோய் வலிக்கு இது போதவில்லை. குப்புறப் படுத்திருக்கும்போது பின்பக்கம் விழும் அடி சுகமாக இருக்கும், தோளோ தலையணையில் மாட்டிக்கொண்டு உயிர் போகும். மஞ்சள் என்றால் அவன் அடியைக் குறைப்பான். எனக்கு வேண்டியது அதுவல்லவே. அதனால் மூன்றாவதாக ஒன்று வைத்துக்கொண்டோம்: வலிக்கும் உறுப்பின் பெயரை மட்டும் சொல்வது. 'தோள்' என்றால் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வந்து தோளுக்கடியில் துண்டை மடித்து வைப்பான், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே ராத்திரியில் தோள், முட்டி, தோள், இடுப்பு என்று ஏலம் விட்டதும் உண்டு. சிரித்துச் சிரித்து ஆட்டமே கலைந்துபோகும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

வாய் பேச முடியாத நேரத்துக்கு, கையில் சாவிக்கொத்து. கீழே போட்டால் நிறுத்தம்.

எந்த மாதிரி வலி என்பதுதான் நான் பொறுமையாகக் கற்றுக்கொண்ட பாடம். மற்றவர்கள் 'மெதுவாக' என்று நினைப்பது எனக்கு மெதுவல்ல. நோய் முற்றும் நாட்களில் விரல் நுனியால் தடவினாலே எரியும், நைட்டியின் தையல் உரசினாலே தாங்காது. அந்த நாளிலும் உள்ளங்கையை அகலமாக விரித்து வைத்து அழுத்தினால் ஒன்றும் செய்யாது. அதேபோல் கனமாக, ஆழமாக இறங்கும் அடி அப்போதைக்கு இனிக்கும், ஆனால் தசைக்குள் தங்கி இரண்டு நாள் கழித்துக் கிளம்பும். தோலோடு நிற்கும் சுளீர் வலி அன்றே போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் கனமான சாமான்கள் எல்லாம் பரணுக்குப் போயின. மர ஸ்கேல், துணி கிளிப், பனிக்கட்டி, மெழுகு, அவ்வளவுதான். இது என் உடம்புக் கணக்கு. உங்களுக்கு நேர்மாறாக இருக்கலாம், ஒவ்வொன்றாகச் செய்து மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். ஒரே இரவில் இரண்டு புதிய விஷயம் வேண்டாம், எது வினை வைத்தது என்று தெரியாது.

எல்லோருக்கும் பொதுவானவை சில உண்டு. அடி விழுவது பின்பக்கத்திலும் தொடையின் மேற்பகுதியிலும், சதை உள்ள இடத்தில் மட்டும். கீழ் முதுகின் இரு பக்கமும் சிறுநீரகம், அங்கே கூடாது. முதுகெலும்பு, வால் எலும்பு, கழுத்து, மூட்டுகள் எதிலும் கூடாது. கழுத்தை நெரிப்பதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது, அதைப் பற்றி மேலே பேசவே எனக்கு விருப்பமில்லை. மெழுகு என்றால் சாதாரண வெள்ளை மெழுகுவத்தி, அதையும் அவன் முதலில் தன் மணிக்கட்டில் சொட்டிப் பார்ப்பான். தேன்மெழுகு உருகவே 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், தோல் வெந்துவிடும். கயிறு கட்டுகிறவர்கள் மேல்கையின் வெளிப்பக்கத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே ஓடும் நரம்பு அழுந்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தொங்கிவிடும், சரியாக வாரக்கணக்கில் ஆகலாம். மரத்துப்போகிறது என்றால் அவிழ்க்கவெல்லாம் நேரம் கொடுக்கக் கூடாது, கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். என் தோளுக்குக் கைகளைப் பின்னால் கொண்டுபோவதே ஆகாது என்பதால் எங்களுக்குக் கயிறே கிடையாது.

சர்க்கரை நோயாலோ வேறு காரணத்தாலோ காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வலி தெரியாத இடத்தில் எச்சரிக்கையும் தெரியாது.

மருந்து. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. நான் டுலாக்செடின் சாப்பிடுகிறேன், ராத்திரி பிரீகாபலின். டுலாக்செடின் ரத்தக்கசிவைக் கொஞ்சம் கூட்டும், அதோடு இபுப்ரோஃபென் மாதிரி ஏதாவது சேர்ந்தால் சின்ன அடிக்கே பெரிய கன்றல் வரும். ஆஸ்பிரின் ஒரு மாத்திரை போட்டாலே ரத்தத் தட்டணுக்களில் அதன் வேலை ஒரு வாரத்துக்கு மேல் நீளும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்துத் தோல் மெலிந்தவர்களும் அடி சம்பந்தப்பட்ட எதையும் தவிர்ப்பது நல்லது. பிரீகாபலின் தலையைச் சுற்ற வைக்கும், தூக்கம் சொக்கும். அந்த நிலையில் 'சிவப்பு' சொல்ல நாக்கு எழாது, அதனால் மாத்திரை போட்ட பிறகு எதுவும் கிடையாது. இதற்காக மாத்திரையைத் தள்ளிப் போடுவதும் கிடையாது. இன்னும் தாங்கலாம் என்று முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் மோசம். எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்லும்போது நாமே அதன் வாயைப் பொத்துகிற வேலை அது.

அளவை முன்பே பேசி வைத்துக்கொள்வோம். நடுவில் நான் 'இன்னும்' என்று கேட்டாலும் அவன் கூட்ட மாட்டான். குறைக்கலாம், கூட்டக் கூடாது. ஆட்டத்தின் உச்சத்தில் எனக்கு எதுவும் தாங்கும் போலத்தான் இருக்கும், அந்த நேரத்து என் வார்த்தையை நானே நம்புவதில்லை. மறுநாள் ஆபீஸ் கணக்கு முடிக்க வேண்டுமா, ஊரிலிருந்து அத்தை வருகிறார்களா, மழை வருமா, எல்லாம் பார்த்துத்தான் நாள் குறிப்போம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் என் மூட்டுகள் தனியாக ஒரு கச்சேரி நடத்தும், அப்போது பெரும்பாலும் லீவு. நாள் குறித்து வைத்தால் ஆசை போய்விடும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமையே சனிக்கிழமையை நினைத்துக்கொண்டிருப்பேன்.

முடிந்த பிறகு போர்வை, வெந்நீர்ப் பை, சூடாக ரசம் சாதம். கன்றிய இடத்துக்கு முதல் இரண்டு நாள் ஐஸ், அதன் பிறகு வெந்நீர் ஒத்தடம். ஒன்றிரண்டு நாள் கழித்துக் காரணமில்லாமல் அழுகை வரும். ஆட்டத்தின் வேகம் இறங்கும்போது பலருக்கும் வருவதுதான், ஆனால் நோய் முற்றும்போது வரும் சோர்வும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். எது எது என்று பிரிக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தூக்கம், வலி, என்ன செய்தோம் என்று ஒரு வரி. டாக்டரிடம் காட்டும் அதே நோட்டுத்தான். மூன்றாவது விஷயத்துக்கு மட்டும் என் சொந்தக் குறியீடு.

டாக்டர் என்றதும் ஒன்று. ஒருமுறை பரிசோதனையின்போது தொடையில் இருந்த கன்றலை அவர் பார்த்துவிட்டார். அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா? பயப்படாம சொல்லு" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, அவர் மேல் மரியாதைதான் வந்தது. அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நான், "இல்ல டாக்டர், நான் சம்மதிச்சது, எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ஆஸ்பிரின் வேண்டாம் என்றார், கீழ் முதுகில் படக் கூடாது என்றார், அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார். எல்லா டாக்டரும் இப்படி இருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கேவலமாகப் பேசுவார் என்று தோன்றினால் முழுக் கதை தேவையில்லை, ஆனால் கன்றல் எப்படி வந்தது என்று பொய் சொல்லாதீர்கள், மருந்தை அதை வைத்து மாற்றிவிடுவார். வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்: 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 நோய்ப் பட்டியலில், சம்மதத்தோடு வலி கொடுத்தும் வாங்கியும் சுகம் காணும் சேடோ மாசோகிசம், நோய் என்ற இடத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

டாக்டர் கேட்ட கேள்வியை நானும் என்னிடம் அவ்வப்போது கேட்டுக்கொள்கிறேன். நீ நிறுத்தச் சொன்னால் நிற்கிறதா? வேண்டாம் என்று சொன்ன நாளில் வீட்டில் முகம் தூக்கல் உண்டா? அவன் கோபத்தில் இருக்கும்போது எப்போதாவது கை நீண்டதா? இதில் ஒன்றுக்காவது பதில் தப்பாக வந்தால் அதற்குப் பெயர் அடி உதைதான், அதற்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கின்றன.

சட்டம் என்றால், பாரதிய நியாய சம்ஹிதையின் 25-ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 87, இதற்குப் பக்கத்தில் வருகிறது. 18 வயதுக்கு மேற்பட்டவர் சம்மதித்து ஏற்ற தீங்கு, மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமோ வாய்ப்போ இல்லாதது என்றால் குற்றமாகாது என்கிறது. அதற்கு அது தரும் உதாரணம் விளையாட்டாக வாள்வீசும் இருவர். படுக்கையறையை மனதில் வைத்து எழுதியதல்ல, நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்று நான் வக்கீல் போலப் பேசவும் மாட்டேன். பயத்தில் கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை என்று 28-ஆவது பிரிவு சொல்கிறது, அது தெளிவு. இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு நிலைமை வேறு. 1993-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பின்படி, இந்த மாதிரி விஷயத்தில் காயம் ஏற்பட்டால் சம்மதித்தேன் என்பது தற்காப்பு ஆகாது.

இன்னொரு விதி எனக்கே எனக்கானது. என் உடம்பு மேல் எனக்குக் கோபம் இருக்கும் நாளில் எதுவும் கிடையாது. மாடிப்படி ஏற முடியாமல் நின்ற நாள், லீவு கேட்டு மேனேஜரிடம் பேச்சு வாங்கிய நாள், இந்த உடம்புக்கு நாலு போடு போட்டால்தான் அடங்கும் என்று தோன்றும் நாள். அன்றைக்கு நான் கேட்டால் அது ஆசையில் கேட்பதல்ல, தண்டனை. அவன் இப்போது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறான். "இன்னிக்கு கடை லீவு" என்பான்.

அப்படிப்பட்ட நாட்களும் நோய் முற்றும் நாட்களும் வறண்டுபோக வேண்டியதில்லை என்று தெரிய எங்களுக்குக் கொஞ்ச காலம் ஆனது. அடி இல்லாமலே கட்டளை இருக்கலாம். எனக்கு அவன் சொல்படி நடப்பதும் பிடிக்கும் என்பதால், அந்த நாட்களில் அவன் உத்தரவு போடுவான். வெந்நீர்ப் பையோடு படு. ஒன்பது மணிக்கு மாத்திரை. அசையாதே. அனுமதி இல்லாமல் எழுந்து சிங்க் பக்கம் போனால் தொலைந்தாய். இப்படி அதட்டி ஓய்வெடுக்க வைத்தால்தான் எனக்கு ஓய்வெடுக்கவே வருகிறது, இல்லையென்றால் குற்ற உணர்ச்சியில் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன். அவன்தான் தேய்க்கிறான். குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேய்க்க வேண்டும் என்று படுத்தபடியே நான் கத்துவதை மட்டும் எந்த உத்தரவாலும் அவனால் நிறுத்த முடியவில்லை.